எனக்குக் கேட்காத வடிகுழாய்

பதினேழு வருடம் வளைகுடாவில் ஒரு பெரிய கட்டடத்தின் ஏசி பிளான்ட்டில் வேலை பார்த்தேன். பம்புகளும் கம்ப்ரெஸர்களும் ஓயாமல் ஓடும் அடித்தளம் அது. அந்தக் கட்டடத்தின் வரவேற்புக் கூடத்தில் ஒரு கடல்நீர் மீன்தொட்டி இருந்தது. அதன் குழாய்களைக் கவனிக்கும் வேலையும் எங்கள் தலையில் விழுந்தது. மற்றவர்கள் அலுத்துக்கொண்டார்கள், எனக்கோ பிடித்துப்போய்விட்டது. வேலையை விட்டு ஊர் வந்து திருக்கோகர்ணத்து வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல், ஹாலில் நாலடி நீளத்தில் ஒரு தொட்டி வைத்தேன்.

என் மனைவி கந்தர்வக்கோட்டைப் பக்கம் அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர். காலை பஸ்ஸுக்குப் போனால் பொழுது சாயும் நேரத்துக்குத்தான் வருவாள். தொட்டி வைத்ததில் அவளுக்கும் சந்தோஷந்தான். மஞ்சள் மீன் ஒன்று அவள் கையைக் கண்டால் கண்ணாடியோரம் வந்து நிற்கும்.

கடல்நீர்த் தொட்டிக்குக் கீழே இன்னொரு தொட்டி வேண்டும். அதில் கடற்பாசியை வளர்த்தால், மேலே சேரும் மீன் கழிவின் சத்தை அது உறிஞ்சிக்கொள்ளும். ரெஃப்யூஜியம் என்பார்கள். மேல்தொட்டியின் மூலையில் ஒரு தடுப்பு வைத்து, அதைத் தாண்டி வழியும் நீரைக் குழாயில் கீழே இறக்க வேண்டும். பாசியைக் கடந்து வரும் நீரைப் பம்பு மறுபடி மேலே ஏற்றும். இறங்கும் குழாய் இரண்டு போட்டேன். முதலாவதுதான் வேலை செய்யும். அது அடைத்தால் நீர் இரண்டாவதில் இறங்கும், சளசளவென்று சத்தம் போட்டு நம்மைக் கூப்பிடும். ஒரு அங்குலக் குழாய் தீர்ந்துபோனதால் அந்த இரண்டாவதை மட்டும் முக்கால் அங்குலத்தில் போட்டேன். அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

முதல் குழாயில் ஒரு வால்வு உண்டு. அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகி, குழாய்க்குள் காற்றே இல்லாமல் நீர் நிறைந்து இறங்கும்படி வைத்தால் சத்தமே இருக்காது. காற்று கலந்தால் கடகடக்கும். நான் வால்வைத் திருகிவிட்டுக் காதைக் கொடுத்தேன். நிசப்தம். எனக்கே பெருமையாக இருந்தது.

அன்று மாலை பையைக்கூட இறக்கி வைக்காமல் என் மனைவி கேட்டாள்.

"என்னங்க இது, கக்கூஸ்ல தண்ணி எறங்குற மாதிரி கடகடன்னு?"

"ஒண்ணும் கேக்கலையே."

"வெளையாடாதீங்க."

நான் விளையாடவில்லை. ஆனால் அவள் அப்படி நினைத்தது எனக்கு வசதியாக இருந்தது. அடுத்த சில வாரங்கள் பரீட்சைத் தாள்களை உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு திருத்தினாள். நானும் வால்வை அங்கிட்டும் இங்கிட்டும் திருகிக்கொண்டே இருந்தேன். எது சரி, எது தப்பு என்று எனக்குத் தெரியவில்லை.

ஒரு சனிக்கிழமை, அவளுக்குப் பள்ளியில் ஏதோ பயிற்சி. மீன் தின்னட்டும் என்று கீழ்த்தொட்டிப் பாசியில் ஒரு பிடி எடுத்து மேலே போட்டுவிட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து யாரோ தோளைத் தொட்டார்கள். பக்கத்து வீட்டு அம்மா.

"எவ்வளவு நேரமாண்ணே கூப்புடுறது? மோட்டாரு கத்துற கத்து தெருமொனை வரைக்கும் கேக்குது. உள்ள வந்தா வீடெல்லாம் தண்ணி."

கீழே பார்த்தேன். என் பாதம் நனைந்திருந்தது, அதுகூடத் தெரியாமல் இருந்திருக்கிறேன். பாசி மிதந்து போய் முதல் குழாயை அடைத்துவிட்டது. முக்கால் அங்குலக் குழாயால் அத்தனை நீரையும் இறக்க முடியவில்லை. மேல்தொட்டி முன்பக்கமாக வழிந்துகொண்டிருக்க, கீழே நீர் வற்றிப்போய் பம்பு காற்றை இழுத்துக் கத்தியிருக்கிறது. எல்லாம் நான் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து ஆறடி தூரத்தில். மெயின் சுவிட்சை அணைத்தேன். அந்த அம்மா வாளியும் துணியுமாக வந்து கூடவே துடைத்தார். மீன்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

மனைவி வந்தபோது தரை காய்ந்து உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது. பக்கத்து வீட்டு அம்மா வாசலிலேயே எல்லாவற்றையும் சொல்லியிருக்க வேண்டும். என் மனைவி திட்டவில்லை. நான் தொட்டிக்குமுன் குனிந்து பாசியை எடுத்துக்கொண்டிருந்தேன். சற்றுப் பொறுத்து என் முன்னால் வந்து தரையில் உட்கார்ந்தாள்.

"பின்னாடி நின்னு மூணு தடவ கூப்புட்டேன். டீ போடவான்னு கேட்டேன்."

கையிலிருந்த பாசியை வாளியில் போட்டேன்.

"எத்தன வருசமா?"

"ஏழெட்டு இருக்கும்."

சொன்னேன். பிளான்ட்டில் காதடைப்பான் கொடுத்தார்கள். அதைப் போட்டால் மேலதிகாரி கூப்பிடுவது கேட்காது என்று கழற்றி வைத்துவிடுவேன். வருடாவருடம் காதுப் பரிசோதனை நடக்கும். சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்த வேண்டும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவரின் விரல் அசைவதைப் பார்த்து அழுத்தித் தப்பித்துவிடுவேன். தேறாவிட்டால் ஊருக்கு அனுப்பிவிடுவார்களோ என்ற பயம். ஊருக்கு வந்த பிறகு அந்தப் பயத்துக்கு வேலையில்லை. ஆனால் மறைப்பது அதற்குள் பழக்கமாகிவிட்டது, எதிரில் இருப்பவரின் உதட்டைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொள்வதும்.

அவள் மீனைப் பார்த்தபடி கேட்டாள்.

"அதான் எப்பவும் வீடியோ கால்லயே வருவீங்களா? நான் என் மொகத்தப் பாக்கத்தான்னு நெனச்சேன்."

"அதுவுந்தான்" என்றேன்.

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு டீ போடப் போனாள். அந்த ஒரு கேள்விக்கு முன்னால், வீட்டில் வழிந்த தண்ணீர் எனக்கு ஒன்றுமில்லாமல் போய்விட்டது. உண்மைதான் சொன்னேன். ஆனால் அதைப் பாதி உண்மையாக ஆக்கியவன் நான்தானே.

மறுவாரம் திருச்சிக்குப் போய்க் காது டாக்டரைப் பார்த்தோம். இரண்டு காதுக்கும் மிஷின் வேண்டும் என்றார். அது வருவதற்குள் குழாய்களைக் கழற்றி மறுபடி மாட்டினோம். இரண்டாவது குழாயும் இப்போது ஒரு அங்குலம். தடுப்பின் மேல் பாசி நுழையாதபடி ஒரு சல்லடை. கீழே நீர் குறைந்தால் பம்பு தானாக நிற்க ஒரு மிதவை சுவிட்ச். வால்வு திருகும் வேலையில் அவளும் சேர்ந்துகொண்டாள். நான் கையை வைக்க, அவள் தொட்டி ஓரம் தலையைச் சாய்த்துக் கேட்டு, விரலால் ஜாடை காட்டினாள். கொஞ்சம் இறுக்கு, இன்னும் கொஞ்சம், போதும். உள்ளங்கையை விரித்துக் காட்டிச் சிரித்தாள். அந்த நிசப்தத்தை அவள் முகத்தில்தான் பார்த்தேன்.

மிஷின் போட்டுக்கொண்ட முதல் சில நாட்கள் எதுவும் தாங்கவில்லை. கரண்டிச் சத்தம், பஸ் ஹாரன், என் செருப்புச் சத்தம்கூட. டவுன் பஸ்ஸில் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வேன். இப்போது பழகிவிட்டது.

பிளான்ட்டில் என் இடத்துக்கு வந்தவர் பொன்னமராவதிக்காரர். போன மாதம் அவரைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். காதடைப்பானைக் கழற்றாதே தம்பி, பரிசோதனையில் ஏமாற்றாதே என்றேன்.

"அதெல்லாம் பாத்துக்கலாம்ணே. மீனு எப்புடி இருக்கு?"

மீனைப் பற்றியும் சொன்னேன். அடுத்த வாரம் காதைப் பற்றிச் சொல்ல மறுபடி கூப்பிட்டேன்.