கொளஞ்சி அண்ணியின் தம்பி

இந்தத் தில்லைக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்தி என்று கடலூர் செம்மண்டலத்தில் எல்லாருக்கும் தெரியும். இருக்கட்டும். இதை நான் சொல்லாவிட்டால் யாரும் சொல்லப் போவதில்லை. சொல்ல வேண்டிய கொளஞ்சி அண்ணி வாயைத் திறக்கமாட்டாள். பிறந்த வீட்டைப் பற்றி ஒரு குறை பேசினால் நாக்கு அழுகிவிடும் என்று நினைக்கிற ரகம் அவள்.

கொளஞ்சியம்மாள் என் அண்ணன் தங்கராசுவின் மனைவி. அண்ணாகிராமத்துப் பக்கம் முந்திரித் தோப்புக்காரர் வீட்டுப் பெண். கல்யாணமாகிக் கடலூர் வந்தபோது தாயில்லாத தம்பியையும் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். அவன்தான் அன்புமணி. "பொண்ணு எடுத்தா பையன் இனாமா?" என்று எங்கள் பெரியம்மா கேட்டதற்கு அண்ணன் சிரித்துக்கொண்டே, "ஆமா, எங்களுக்குத் தல தீபாவளிக்கே புள்ள ரெடி" என்றார். சொன்ன வாய் முகூர்த்தமோ என்னவோ, அவர்களுக்கு வேறு பிள்ளை பிறக்கவில்லை. அன்புமணியை சைக்கிளில் உட்காரவைத்துப் பள்ளிக்கூடத்தில் விட்டதும், அம்மை போட்டபோது வேப்பிலையும் கையுமாகப் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததும், நர்சிங் படிக்கவைத்ததும் அண்ணன்தான். அவனும் மாமா மாமா என்று உயிரை விடுவான். அதுவும் பொய் என்று நான் சொல்லமாட்டேன்.

அண்ணன் மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்தார். புயல் வந்தால் ஊரே கதவைச் சாத்திக்கொள்ளும். அவர் கதவைத் திறந்துகொண்டு கிளம்புவார். ரிட்டயரான பிறகுதான் மறதி வந்தது. முதலில் கூடப்பிறந்த தங்கை என்னையே யாரென்று கேட்டார். கிண்டல் செய்கிறார் என்று நினைத்தேன். பிறகு எதிர்வீட்டுக்காரன் மாடிக்கு ஏணி போட்டு ஏறி, அவன் கேபிள் ஒயரை அறுத்துவிட்டு வந்தார். டாக்டர் டிமென்ஷியா என்றார், இது சரியாகாது, பத்திரமாகப் பார்த்துக்கொள்ளத்தான் முடியும் என்றார். அண்ணி திரும்பி வரும்போது ஆட்டோவில் என்னிடம், "வேலைய மட்டும் அவரு மறக்கல தில்லை, அது போதும், நான் சமாளிச்சுக்குவேன்" என்றாள்.

எப்படிச் சமாளித்தாள் என்று கேளுங்கள். பொழுது சாய்ந்தால் அண்ணனுக்கு இருப்புக் கொள்ளாது. எங்கேயோ லைன் கட்டாகிவிட்டது, ஆள் கூப்பிடுகிறார்கள் என்று எழுந்துவிடுவார். தடுத்தால் அடிப்பார். அண்ணி தடுக்கமாட்டாள். "வாங்க, பாத்துட்டு வந்துடலாம்" என்று முழங்கையை லேசாகத் தொட்டபடி கூடவே நடப்பாள். தெருக்கோடி டிரான்ஸ்பார்மர் வரைக்கும் போவார்கள். அண்ணன் அண்ணாந்து பார்ப்பார். "சப்ளை வந்துடுச்சு" என்பார். "அப்ப சாப்டலாம்" என்பாள் அண்ணி. வீட்டுக்கு வந்து குழந்தை மாதிரி சாப்பிட்டுவிட்டுத் தூங்குவார். மழையானாலும் குடை பிடித்துக்கொண்டு இந்த நடை உண்டு. தெருவில் ஒருத்தரும் சிரித்ததில்லை. சிரித்தால் நான் விட்டிருக்கமாட்டேன்.

ஆனால் ஆறடி மனுஷனைக் குளிக்கவைத்து, தூக்கி உட்காரவைத்து, அண்ணிக்குக் கர்ப்பப்பை இறங்கிவிட்டது. ஆபரேஷன் செய்தே ஆக வேண்டும், அதற்குப் பிறகும் பாரம் தூக்கக் கூடாது என்றார்கள். அதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தாள். இவரை யாரிடம் விடுவது? ஆஸ்பத்திரியில் அண்ணிக்குத் துணை நான். எனக்கு இருப்பது இரண்டு கை.

இந்தச் சமயத்தில்தான் அன்புமணி வந்தான். சென்னையில் பெரிய ஆஸ்பத்திரிகளில் வேலை பார்த்துவிட்டு, சிதம்பரத்தில் சொந்தமாக முதியோர் இல்லம் ஆரம்பித்திருந்தான். அதன் பெயரை எழுதக் கை கூசுகிறது, விடுங்கள். மறதி உள்ளவர்களை ஒரு வாரம், பத்து நாள் என்று கொண்டுவந்து விடலாம், வீட்டில் பார்த்துக்கொள்கிறவர்கள் ஓய்வெடுத்துக்கொள்ளலாம். வாசலில் போர்டு: பாசம், பராமரிப்பு, பாதுகாப்பு.

"அக்கா, நீ ஆபரேஷன் பண்ணிக்க. மாமாவ எங்கிட்ட வுடு" என்றான். "எனக்குச் செய்யாததா அவரு? கண்ணுல வச்சுப் பாத்துக்கறேன்."

அண்ணிக்கு முகம் மலர்ந்துவிட்டது. அவளுக்கு ஆபரேஷன் கவலையைவிடப் பெரிய கவலை ஒன்று உண்டு. தான் முந்திக்கொண்டால் இவருக்கு யார் என்பது. "எனக்கப்புறம் அன்பு இருக்கான் தில்லை" என்று அவள் என்னிடம் சொல்லாத நாள் கிடையாது. அந்த ஒரு நம்பிக்கையில்தான் அவள் இரவில் தூங்கினாள்.

மார்கழி பிறந்ததும் ஒருநாள் விடியற்காலையிலேயே அண்ணனைச் சிதம்பரத்தில் கொண்டுபோய் விட்டோம். என்ன சாப்பிடுவார், எந்தப் பக்கம் படுப்பார், சாயங்காலம் எழுந்தால் எப்படிக் கூட நடக்க வேண்டும் என்று அண்ணி ஒவ்வொன்றாகச் சொன்னாள். "அங்க முக்குல ஒரு டிரான்ஸ்பார்மர் இருக்கு, வரும்போது பாத்தேன். அது வரைக்கும் போனா போதும் அன்பு." அவன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். "இதெல்லாம் நான் படிச்சிருக்கேன்க்கா" என்றான்.

ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. அண்ணி கண் விழித்ததும் கேட்டது தண்ணீர் இல்லை, "வீடியோ வந்துச்சா?" தினமும் காலையில் என் போனுக்கு அன்புமணி வீடியோ அனுப்பினான். இல்லத்தின் முன்வாசலில் நாற்காலி போட்டு அண்ணன் உட்கார்ந்திருப்பார். ஒரு நாள் நீலச் சட்டை, மறுநாள் கோடு போட்ட சட்டை, அடுத்த நாள் வெள்ளை. "சாப்டீங்களா மாமா?" என்று அன்புமணியின் குரல் கேட்கும். "சாப்ட்டேன்" என்பார் அண்ணன். தலை வாரி, திருநீறு பூசி, மாப்பிள்ளை மாதிரி இருப்பார். நான்கூட, பரவாயில்லையே, நம் வீட்டில் இவ்வளவு பளிச்சென்று இருந்ததில்லையே என்று நினைத்தேன்.

வீட்டுக்கு வந்து படுத்த பிறகு அண்ணிக்கு வேறு வேலை இல்லை. போனை வாங்கி அந்த வீடியோக்களையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு காலையில் என்னைக் கூப்பிட்டாள்.

"தில்லை, இந்தக் கோலத்தப் பாரு."

நாற்காலிக்குப் பக்கத்தில் வாசல் கோலம் தெரிந்தது. தாமரைக் கோலம். நடுவில் சாணி உருண்டையில் பூசணிப் பூ. ஒரு இதழை யாரோ மிதித்துக் கலைத்திருந்தார்கள்.

"நல்லாத்தான் இருக்கு" என்றேன்.

"நேத்து அனுப்புனதப் பாரு. முந்தாநாள் அனுப்புனதப் பாரு."

அதே தாமரை. அதே கலைந்த இதழ். அதே பூசணிப் பூ, அப்போதுதான் பறித்த மாதிரி.

எந்தப் பெண் மார்கழியில் நேற்றுப் போட்ட கோலத்தை இன்றும் போடுவாள்? சோம்பேறியாக இருந்தாலும் இரண்டு இழுப்பாவது மாற்றி இழுப்பாள். அதுவும் போகட்டும். பூசணிப் பூ வெயில் ஏறினால் சுருண்டுவிடும், மறுநாள் வரைக்கும் அது தாங்காது. ஆக, சட்டையை மட்டும் மாற்றி மாற்றி எல்லாவற்றையும் ஒரே காலையில் எடுத்துவைத்துக்கொண்டு, நாளுக்கு ஒன்றாக அனுப்பியிருக்கிறான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். இந்த அறிவாளிக்குப் பூவை மறைக்கத் தெரியவில்லை.

"போன் போட்டுக் கேக்கறேன்" என்று எழுந்தேன்.

"வேணாம்" என்றாள் அண்ணி. "கேட்டா இன்னொரு வீடியோ எடுப்பான். பஸ்ஸுக்குக் கெளம்பு."

தையல் காயாத உடம்பு. பஸ்ஸில் ஒவ்வொரு பள்ளத்துக்கும் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். சிதம்பரம் வரும் வரைக்கும் நான் அன்புமணியைத் திட்டிக்கொண்டே வந்தேன். அதற்கும் அவள், "எதுக்கும் ஒரு காரணம் இருக்கும், பேசாம வா" என்றாள். அப்போதும் தம்பியை விட்டுக்கொடுக்கவில்லை பாருங்கள்.

கேட்டைத் திறந்த பணிப்பெண், "பாக்கறவங்க சாயங்காலம்தான் வரணும்மா" என்றாள். அவள் பெயர் கனிமொழி, சின்னப் பெண். அண்ணி அவளைத் தாண்டி உள்ளே போனாள். முன் ஹாலில் டிவி, பூத்தொட்டி, சுவரில் கேமரா, எல்லாம் இருந்தது. அண்ணன் இல்லை. பின்பக்கம் மூத்திர நாற்றம் அடிக்கிற அறையில் இருந்தார். இரண்டு கையையும் துணியால் கட்டிலோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். கண் பாதி திறந்திருந்தது. உதடு வெடித்திருந்தது. தூக்க மருந்து கொடுத்துக் கொடுத்து, பட்டப்பகலில் அந்த மனுஷன் எங்கே இருக்கிறார் என்பதே தெரியாமல் கிடந்தார்.

என் கூடப்பிறந்தவரைக் கன்றுக்குட்டி மாதிரி கட்டிப்போட்டிருக்கிறார்கள். என்ன கத்தினேன் என்று எனக்கே நினைவில்லை. அண்ணி கத்தவில்லை. குனிந்து முடிச்சை அவிழ்த்தாள். முடிச்சு இறுகியிருந்ததால் பல்லால் கடித்து இழுத்தாள். கட்டியிருந்த இடம் புண்ணாகியிருந்தது.

கனிமொழி அழுதுவிட்டாள். "வந்த அன்னிக்கே எல்லா சட்டையும் மாத்திப் போட்டு எடுத்துட்டாங்கம்மா. அன்னிக்கு சாயங்காலம் இவரு கேட்டப் புடிச்சு இழுத்தாரு. அப்பலேர்ந்து கட்டிதான் வச்சிருக்கு" என்றாள்.

அதற்குள் அன்புமணி ஓடிவந்தான். "அக்கா, இந்த ஒடம்போட ஏன் வந்த? ஒரு போன் பண்ணக் கூடாதா?"

"கூட நடந்தா போதும்னு சொன்னனே அன்பு" என்றாள் அண்ணி.

"இருவது பேரு இருக்காங்கக்கா, பாத்துக்க மூணு ஆளுதான். ஒருத்தர் பின்னாடியே நடந்துக்கிட்டு இருக்க முடியுமா? வுழுந்து இடுப்பு ஒடஞ்சா நாளைக்கு நீதான் என்ன கேப்ப. இது அவரு பாதுகாப்புக்குத்தான்."

"முடியலன்னா முடியலன்னு சொல்றதுக்கு என்னா?"

"சொன்னா நீ ஆபரேஷன் பண்ணியிருப்பியா? உனக்காகத்தான் வீடியோ அனுப்புனேன். நீ நிம்மதியா இருக்கணும்னுதான்."

அண்ணி அண்ணனின் மணிக்கட்டைத் தடவிக்கொண்டே இருந்தாள். "கட்டிப்போடறதுக்கு உங்கிட்ட எதுக்கு வுடணும்?" என்றாள். "எங்க வூட்லயும் கயிறு இருக்கு."

வேலியே பயிரை மேய்ந்தால் பயிர் எங்கே போய் முறையிடும்? கார் வைத்து அண்ணனைக் கடலூர் கொண்டுவந்தோம்.

மருந்தின் மயக்கம் தெளிந்தது, புண் ஆறியது, அண்ணன் மட்டும் திரும்பி வரவில்லை. பொழுது சாய்ந்தால் முன்பெல்லாம் எழுந்து நிற்கிறவர், இப்போது கட்டிலில் விறைப்பாகப் படுத்துக்கொள்வார். "வாங்க, லைன் பாத்துட்டு வரலாம்" என்று அண்ணியே கூப்பிட்டாள். அசையவில்லை. கரண்ட் போய் தெருவே இருட்டானபோதுகூட அவர் எழுந்திருக்கவில்லை. இத்தனை வருஷ மறதியும் தின்னாமல் விட்டுவைத்திருந்த ஒன்றை, இவன் சில நாளில் தின்றுவிட்டான்.

இவ்வளவுக்கும் பிறகு அண்ணி என்ன சொன்னாள் தெரியுமா? "அவனும் என்னா பண்ணுவான், ஆளு கெடைக்கல. அவன வுட்டா எனக்கு யாரு இருக்கா? நாளைக்கு எனக்கு ஒண்ணுன்னா இவர எங்க கொண்டுபோய் வுடுவ தில்லை?" நான் இருக்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். மாடிப்படி ஏறவே ஆள் பிடிக்க வேண்டிய முட்டி எனக்கு. அந்தக் கோபத்தில் ஒரு வாரம் அவள் வீட்டில் காபிகூடக் குடிக்கவில்லை.

பொங்கல் வந்தது. அன்புமணி அக்காவுக்குச் சீர் கொண்டுவரத் தவறியதே இல்லை. இந்த வருஷம் வருவானா என்று நான் பார்த்தேன். அண்ணி பார்க்கவே இல்லை, வருவான் என்று தெரிந்த மாதிரி வாசல் தெளித்து, செம்மண் இட்டு, வாழையிலையும் வாங்கிவைத்திருந்தாள். வந்தான். கரும்பு, மஞ்சள் கொத்து, பச்சரிசி, வெல்லம், தட்டில் ஒரு பட்டுப் புடவை. போன வருஷத்தைவிட ஜாஸ்தி. கண் கலங்கியிருந்தது.

"தப்புதான்க்கா" என்றான். "இனிமே மாமாவ நானே கூட இருந்து பாத்துக்கறேன். எப்ப வேணாலும் கொண்டாந்து வுடு."

அண்ணியின் முகத்தைப் பார்த்தேன். மன்னித்துவிட்டாள். மன்னிக்காவிட்டால் அவளுக்குப் போக்கிடம் இல்லை. தட்டை வாங்கக் கையை நீட்டிக்கொண்டே உள்ளே திரும்பி, "இங்க பாருங்க, யாரு வந்திருக்கான்னு" என்றாள்.

அண்ணன் அறையிலிருந்து வந்தார். இரண்டு வருஷமாக யாரையும் அடையாளம் தெரியாதவர். அன்புமணியைப் பார்த்ததும் நின்றார். அவனுக்கு எதிரே வந்து, இரண்டு மணிக்கட்டையும் ஒன்றாகச் சேர்த்து அவனிடம் நீட்டினார்.

"கட்டு தம்பி" என்றார். "நான் ஓட மாட்டேன்."

அன்புமணி தட்டோடு நின்றான். அண்ணி நீட்டிய கையை இழுத்துக்கொண்டாள். அண்ணனின் கைகளைப் பிரித்து, ஒன்றைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டாள். அவள் குரல் உயரவில்லை.

"சீர எடுத்துக்கிட்டுப் போ அன்பு. நாளைக்கு நான் செத்துட்டேன்னு சேதி வந்தாலும், பொறந்த வூட்டுக் கோடித்துணி எடுத்துக்கிட்டு வராத."