முட்டு வரையாத ஜன்னல்

வீடு வரைகிற தொழிலில் ஒரு வசதி உண்டு: காகிதத்தில் எதுவும் கீழே விழாது. சிவில் முடித்துவிட்டு முதல் சைட்டுக்குப் பயந்து பயந்து போகிறவர்களே, இது நமக்குள் இருக்கட்டும்.

ஒரே இழுப்பு

என் பொறுப்பில் வந்த முதல் வீடு உடையார்பாளையம் பக்கம், தையல்கார மங்கை அக்காவுக்கு. தெருப்பக்க ஜன்னலுக்கு மேலே கான்கிரீட் வேண்டாம், செங்கல்லிலேயே வளைவு வேண்டும் என்றார். கம்ப்யூட்டரில் ஒரே இழுப்பு, வளைவு வந்துவிட்டது. பெரம்பலூரிலிருந்து பஸ் மாறிப் போய்ப் படத்தை நீட்டினேன்.

கொத்தனார் செந்தில் எட்டாவது வரை என் பெஞ்சில் உட்கார்ந்தவன். படத்தில் வளைவுக்கு அடியில் விரலை வைத்தான். கலவை இறுகும்வரை கற்களைத் தாங்க அடியில் முட்டு வேண்டும். அது என் படத்தில் இல்லை, நினைப்பிலும் இல்லை.

“ஏன்டா, காலேஜ்ல முடிஞ்ச வூட்ட மட்டுந்தான் காட்டுனாங்களா?”

இரண்டு விரல் சந்து

ஜன்னலுக்குள் கல் அடுக்கி, மேலே ஈரமணலை வளைவாகத் தேய்த்து முட்டு செய்தான் செந்தில். நான் வரைந்தபடி கற்களை நீளவாக்கில் வைத்தோம். அடியில் முனைகள் இடித்துக்கொண்டன. மேலே இரண்டு விரல் நுழையும் சந்து. “கலவையால அடைச்சுடலாம்” என்றேன், எனக்கே நம்பிக்கையில்லாமல். மங்கை அக்கா எட்டிப் பார்த்தார்.

“ரவிக்க கழுத்துக்கு நேர்பட்டி வெச்சா சுருக்கு விழும் தம்பி, துணியத் திருப்பி கிராஸ்ல, கோணலா வெட்டுனாத்தான் வளையும். ஒங்க கல்லயும் திருப்பி வெச்சுப் பாருங்களேன்.”

பிரித்த நாள்

கல்லின் ஒடுங்கிய முகம் வளைவில் படும்படி நிமிர்த்தி வைத்ததும் சந்து அரை விரலானது. செந்தில் சொன்ன நாளுக்கு மேலும் ஒரு வாரம் முட்டுப் பிரிக்க நான் விடவில்லை. இது விழுந்தால் என்னை நம்பி வேறு யார் வீடு தருவார்கள்?

அவன் கரண்டியால் மணலை வழிக்க ஆரம்பித்தான். தனக்கும் இதுதான் முதல் வளைவு என்று அப்போதுதான் சொன்னான், பாவி. முட்டின் கடைசிக் கல்லும் வெளியே வந்தது. வளைவு அசையவில்லை. நாங்களும்தான்.

“அக்கா, ரெண்டு நாளைக்கு அடியில போகாதீங்க” என்றேன். அவர் காதில் வாங்காமல், கையிலிருந்த ரவிக்கையோடு ஜன்னல் கட்டையில் ஏறி, வளைவுக்கு நேர் கீழே உட்கார்ந்து கொக்கி தைக்க ஆரம்பித்தார்.

“வளைவு நல்லாத்தான் நிக்குது. ஒங்க ரெண்டு பேரு மூஞ்சியப் பாத்தாத்தான் பயமா இருக்கு. போயி டீ குடிச்சிட்டு வாங்க.”

இப்போதெல்லாம் எந்த வீட்டுக்கும், கடைசியில் பிரித்து எறியப்போகிற முட்டுத்தான் நான் முதலில் வரைவது.