பின்வரிசைக் குரல்

அங்கமுத்துக் கவிராயரைப் பற்றிச் சொல்லச் சொன்னால் எனக்குக் கொஞ்சம் வாய் கூசும். அவர் எங்கள் வீட்டு ஆள் இல்லை. அவரால் பட்டவர்தான் எங்கள் வீட்டு ஆள். மாசிலாமணி என்று பெயர். பழவேற்காட்டுக் கோட்டையில் டச்சுக்கார ஒல்லாந்தர் கொடி பறந்த காலத்தில், கோட்டைக்குப்பத்தில் இவர்கள் இரண்டு பேரும் அடுத்தடுத்த குடிசையில் பிறந்து ஒரே தோணியில் வலை இழுத்தவர்கள். எங்கள் வீட்டில் வாய்வழியாக வந்த கதை இது. அதனால் கவிராயர் பக்கம் நான் கொஞ்சம் கடுமையாகப் பேசினால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அங்கமுத்துக்கு ஞானம் இருந்தது, அதை மறுக்கவில்லை. பொன்னேரியில் ஒரு கூத்து வாத்தியாரிடம் மூன்று வருஷம் எடுபிடி வேலை செய்து எழுத்தும் யாப்பும் கற்றுக்கொண்டார். இறால் வாடை அடிக்கிற கையில் ஓலையும் எழுத்தாணியும் பிடித்தார். தோணியில் உட்கார்ந்து அவர் கட்டிய பாட்டெல்லாம் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் நாலு பேர் எதிரே நிற்க வேண்டும் என்றால் மனிதருக்கு ஆகாது. சபை நடக்கிற நாளில் கஞ்சி இறங்காது. கருவேலம் புதர்ப் பக்கம் ஐந்தாறு முறை போய் வருவார். இவ்வளவு பயம் இருக்கிறவர் சபைக்கே போகாமல் இருந்திருக்கலாம். ஆனால் ஒரு சபையும் விடமாட்டார். கல்யாணம், கோயில் கொடை, மரக்காயர் வீட்டு விசேஷம், எங்கே புலவர்கள் கூடினாலும் அங்கே இவர் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு போய்விடுவார்.

அந்த நாளில் சபையில் புலவரைச் சோதிக்க ஈற்றடி கொடுப்பார்கள். கூட்டத்தில் யாராவது ஒருவர் வெண்பாவின் கடைசி அடியை மட்டும் சொல்ல வேண்டும். புலவர் நின்ற நிலையிலேயே முதல் மூன்று அடிகளைக் கட்டி முழுப் பாட்டையும் பாடிவிட வேண்டும். அங்கமுத்து முதல்முறை இதற்கு நின்றபோது நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. கூட்டம் சிரிக்கத் தொடங்கியது. பின்வரிசையில் இருந்த மாசிலாமணிக்குப் பொறுக்கவில்லை. முந்தின வாரம் தோணியில் அங்கமுத்து கட்டி, இருவரும் சிரித்த ஒரு பாட்டின் கடைசி அடியை எடுத்து, தானே புதிதாகக் கொடுப்பதுபோல் உரக்கச் சொன்னார். அங்கமுத்துவின் முகம் தெளிந்தது. பாட்டு கடகடவென்று வந்தது. சபை ஆரவாரம் செய்தது.

அன்றைக்கு ஆரம்பித்த திருட்டு பதினோரு வருஷம் நடந்தது. சபைக்கு முந்தின நாள் தோணியில் பாட்டைக் கட்டிவிடுவார்கள். சபையில் மாசிலாமணி யாருக்கும் முன்னால் ஈற்றடியை எறிவார். அவரை முந்த முடியாது. முகத்துவாரத்தில் நின்று "ஓஓய்" என்று கூப்பிட்டால் ஏரிக்கு அந்தப் பக்கம் போகிற தோணி திரும்பும். அப்படிப்பட்ட குரல். சுற்று வட்டாரத்தில் அங்கமுத்துவுக்கு நினைத்த மாத்திரத்தில் பாடுகிற கவிராயர் என்று பெயர் வந்தது. எங்கள் ஆளுக்கு வந்தது தொண்டைப் புண்தான்.

ஓர் ஐப்பசியில் ஆதிநாராயணச் செட்டியார் ஆள் அனுப்பினார். ஒல்லாந்தருக்குச் சீலைத் துணி கொடுக்கிற பெரிய வியாபாரி. அவருடைய சரக்கு ஏற்றிய கப்பல் மலாக்கா போய்ப் பத்திரமாகத் திரும்பியதற்காக வீட்டில் சபை கூட்டுகிறார். ஈற்றடிக்கு நன்றாகப் பாடுகிறவருக்குப் பட்டுச் சால்வையும், அந்த வீட்டுப் புலவர் என்ற பதவியும். கிடைத்தால் அங்கமுத்து இனி வலையைத் தொட வேண்டியதில்லை. நாற்பத்திரண்டு வயதில், முட்டி வீங்கிப்போன ஒரு மீன்காரருக்கு இதைவிட என்ன வேண்டும்?

இடைஞ்சல் ஒன்று வந்தது. முகத்துவாரத்துக்கு அருகே இறால் ஓடுகிற வழியில் வலை கட்ட, குப்பத்தில் வீட்டுக்கு வீடு முறை உண்டு. ஒரு வீட்டின் நாளில் அந்த வீட்டு வலை தண்ணீரில் இல்லை என்றால் முறை அடுத்த வீட்டுக்குப் போய்விடும். மறுபடி வர ஒரு மாதம் ஆகும். சபை நடக்கிற அதே நாள் அங்கமுத்து வீட்டு முறை. அவர் மனைவி குப்பம்மாள் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

"யோவ், சால்வையத் தின்ன முடியுமா? முறைய வுட்டா ஒரு மாசம் நானும் புள்ளைங்களும் இன்னா பண்றது?"

அங்கமுத்து நேராக மாசிலாமணியிடம் போனார். மாசிலாமணி ஏரியைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தார்.

"வாடைக்காத்து ஏறுதுடா, அங்கமுத்து. நாளைக்கித் தண்ணி நல்லா இருக்காது."

"ஒரு நாளு தானே மச்சான். காலைல கட்டிட்டு உச்சிக்குள்ள எடுத்துட்டு வந்துரு. கோட்டை மணி பன்னெண்டு அடிச்சப்புறந்தான் ஈத்தடி. நீ இல்லாம நான் நிக்க முடியாது."

"தனியா எப்பிடிறா வலைய எடுக்கறது?"

"உன்னால முடியும், மச்சான்."

மாசிலாமணி மறுபடி ஏரியைப் பார்த்தார். "சரி, நீ பயப்படாத. எப்பிடியும் வந்துர்றேன்" என்றார். அவர் மனைவி முத்தம்மாள் உள்ளேயிருந்து இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். போக வேண்டாம் என்று அவள் சொன்னதாகவும், சிநேகிதன் கேட்டுவிட்டானே என்று அவர் மழுப்பியதாகவும் எங்கள் வீட்டில் சொல்வார்கள்.

செட்டியார் வீட்டுப் பின்முற்றம் ஏரியைப் பார்த்தது. பந்தல் போட்டிருந்தார்கள். முன்னால் நாற்காலிகளில் கோட்டையிலிருந்து வந்த இரண்டு ஒல்லாந்தர்கள், ஒரு சொல்லும் புரியாமல் வியர்த்துக்கொண்டிருந்தார்கள். குப்பத்து ஆண்கள் ஒருவர் விடாமல் வந்து பின்னால் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். தங்கள் கவிராயர் ஜெயிக்கப் போகிறார் அல்லவா. மேடையில் மூன்று புலவர்கள். அங்கமுத்து ஓரத்தில் உட்கார்ந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கோட்டை மணி பதினொன்று அடித்தது. மாசிலாமணி வரவில்லை. காற்று பந்தல் துணியைத் தூக்கித் தூக்கிப் போட்டது. அங்கமுத்து மனசுக்குள் கங்கையம்மனைக் கூப்பிட்டார். அம்மா, அவன் வரணும், எப்படியாவது வந்துரணும். பின்னாளில் அவரே எங்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்து ஒப்புக்கொண்டாராம், அந்த வேண்டுதல் மாசிலாமணியின் உயிருக்காக இல்லை, ஈற்றடிக்காகத்தான் என்று. உயிர் என்ற நினைப்பே தனக்கு வரவில்லை என்றாராம். இதைச் சொல்ல அவருக்கு இருந்த தைரியத்தை மட்டும் நான் மதிக்கிறேன்.

மணி பன்னிரண்டு அடித்தது. மற்ற இரு புலவர்களும் பாடி முடித்தார்கள். தூறல் விழுந்தது. செட்டியார் கை காட்டினார்.

"கவிராயரே, எழுந்திருங்க. யாரு ஈற்றடி கொடுக்கிறது?"

அங்கமுத்து எழுந்தார். பின்வரிசையைக் கண்ணால் துழாவினார். அந்த முகம் இல்லை. கட்டி வைத்திருந்த பாட்டு நெஞ்சில் சும்மா கிடந்தது. அதற்குள் பொன்னேரியிலிருந்து வந்திருந்த ஒரு வித்துவான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "கரைவந்து சேரும் கலம்" என்றார். கப்பல் வந்த வீட்டுக்குப் பொருத்தமான அடி. சுலபமான அடியும்கூட. ஆனால் அங்கமுத்துவுக்குக் காது அடைத்துப்போனது. ஒரு சொல்லும் வரவில்லை. முன்வரிசையில் யாரோ மெல்லச் சிரித்தார்கள். செட்டியார் மடியில் இருந்த சால்வையை நகர்த்தி வைத்தார்.

அப்போது கேட்டது அந்தக் குரல். காற்றோடு, மெலிதாக, நீளமாக. "ஓஓய்."

வந்துவிட்டான்! அங்கமுத்துவின் உடம்பு முழுக்கத் தெம்பு பாய்ந்தது. தோணியைக் கட்டிவிட்டு வாசலுக்கு ஓடி வருகிறான், நான் வந்துட்டேன் என்று சொல்லத்தான் கூப்பிடுகிறான் என்று நினைத்தார். பதினோரு வருஷமாக அந்தக் குரல் பின்னால் கேட்டால் பாட்டு வரும். அன்றைக்கும் வந்தது. அவர் வாழ்நாளிலேயே முதல்முறையாக, கட்டி வைக்காத பாட்டு ஒன்று தானாக வந்தது.

வாடை வலுத்தாலும் வாரி குமுறினும்
ஆடி அலைந்தாலும் அஞ்சாதே - நாடித்
திரைவந்து மோதினும் தெய்வத் துணையால்
கரைவந்து சேரும் கலம்.

பந்தல் அதிர்ந்தது. குப்பத்து ஆட்கள் கை தட்டி, விசில் அடித்து, துண்டைச் சுழற்றினார்கள். குரல் இன்னும் இரண்டு தரம் கேட்டதாம். அந்தச் சத்தத்தில் யாரும் காதில் வாங்கவில்லை. செட்டியாரே எழுந்து வந்து சால்வையைப் போர்த்தினார். அங்கமுத்து வாசலைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றார். யாரும் வரவில்லை.

வலையை எடுக்கும்போது தோணி கவிழ்ந்துவிட்டது. வலை கட்டுகிற கழியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, கழுத்தளவு தண்ணீரில், மாசிலாமணி காலையிலிருந்து கூப்பிட்டுக்கொண்டிருந்தார். கேட்க வேண்டிய ஆண்கள் எல்லாம் கவிதை கேட்டுக்கொண்டிருந்தார்கள். முத்தம்மாள் அன்று காலை ஆழமில்லாத தண்ணீரில் கையால் துழாவி இறால் பிடிக்கப் போயிருந்தாள். காற்று திசை மாறி ஊர்ப் பக்கம் அடித்த பிறகுதான் அவளுக்கும் கேட்டது. புருஷன் குரல் அவளுக்குத் தெரியாதா? கரையில் கிடந்த ஒரு தோணியை இன்னும் இரண்டு பெண்களோடு தள்ளிக்கொண்டு போய் அவரை இழுத்துப் போட்டு வந்தாள்.

சேதி கேட்டு அங்கமுத்து ஓடி வந்தபோது மாசிலாமணி நெருப்புக்குப் பக்கத்தில் நீலம் பாரித்துக் கிடந்தார். அங்கமுத்து தோளிலிருந்த சால்வையை எடுத்து அவர் மேல் போர்த்தினார். முத்தம்மாள் அதைப் பிடுங்கி அங்கமுத்து கையிலேயே திணித்தாள்.

"ஈரத்துக்குப் பட்டு ஆவாது, அண்ணே. எடுத்துகினு போங்க."

சாக்கை எடுத்துப் புருஷன் மேல் போர்த்தினாள். அங்கமுத்து மண்ணில் உட்கார்ந்துவிட்டார். மறைத்திருக்கலாம். ஏனோ மறைக்கவில்லை.

"மச்சான், உன் குரல் எனக்குக் கேட்டுச்சு."

மாசிலாமணி கண்ணைத் திறந்தார். தொண்டையிலிருந்து காற்றுதான் வந்தது.

"கேட்டுச்சா? அப்பறம் ஏன்டா வரல?"

அந்தக் குரல் திரும்பவே இல்லை. கடைசி வரைக்கும் கரகரப்புதான். பக்கத்தில் இருந்தால் கேட்கும், அவ்வளவே. அங்கமுத்து மறுநாளே சால்வையைச் செட்டியார் வீட்டில் கொடுத்துவிட்டு, பதினோரு வருஷத்துத் திருட்டையும் சொல்லிவிட்டு வந்தார். பதவி போனது. ஊர் காறித் துப்பியது. வலைக்குத் திரும்பினார். சபைக்குப் போவதை மட்டும் விட முடியவில்லை, கூப்பிடுகிறவர்கள் குறைந்தாலும் போனார். ஆனால் பாட்டின் நடுவில் நின்றுவிடுவார். காக்கை கத்தினாலும், யாராவது இருமினாலும் முகம் வெளுத்துவிடும். "யாரோ கூப்பிடறாங்க, போய்ப் பாருங்க" என்பார். யாராவது எழுந்து போய் ஏரியைப் பார்த்துவிட்டு வந்து சொன்னால்தான் அடுத்த அடி. சபையில் சிரிப்பார்கள். அவர் வியர்த்துக்கொண்டு நிற்பார்.

அதற்காகவே மாசிலாமணி அவர் போகிற சபைக்கெல்லாம் போனார். பின்வரிசைக்கு இல்லை, மேடைக்குக் கீழே அவர் காலடியில். எங்கள் முத்தம்மாளுக்கு இது பிடிக்கவே இல்லை, எனக்கும்தான். அங்கமுத்து பாட்டை நிறுத்திவிட்டு ஏரிப் பக்கம் காதைத் தீட்டுகிறபோதெல்லாம், எங்கள் ஆள் எட்டி அவர் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு, அவருக்கு மட்டும் கேட்கிற குரலில் சொல்வாராம்:

"நான் இங்கதான்டா கீறேன். நீ பாடு."