வட்டம் சாரின் வலது கை

அவருடைய சொந்தப் பெயர் பள்ளிக்கூடத்து ஆவணங்களில் மட்டும்தான் இருந்தது. மற்றபடி எல்லோருக்கும் அவர் வட்டம் சார். இருபத்தாறு வருடங்களுக்கு முன்னால் ஓவிய ஆசிரியராகச் சேர்ந்த முதல் நாளே, கவராயம் இல்லாமல், ஒரே இழுப்பில் கரும்பலகையில் ஒரு வட்டம் போட்டார். கணக்கு ஆசிரியர் சந்தேகப்பட்டு நூல் பிடித்து அளந்து பார்த்தார். பிறகு வாயை மூடிக்கொண்டு போய்விட்டார். பெயர் அன்றைக்கு ஒட்டிக்கொண்டது.

அந்தக் கைதான் போன வருடம் நடுங்க ஆரம்பித்தது. முதலில் கட்டைவிரல், பிறகு மணிக்கட்டு வரை. "இது போகாது சார். மாத்திரை போட்டா நாம சொல்றதக் கொஞ்ச நேரம் கேக்கும், அவ்வளவுதான்" என்று நரம்பு டாக்டர் உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டார். காலை மாத்திரை போட்டு முக்கால் மணி கழித்துக் கை அடங்கும். ஒன்றரை மணி நேரம் பழைய கையாக இருக்கும். அதற்கப்புறம் அதன் இஷ்டம். ஓவிய வகுப்போ கடைசிப் பாடவேளையில். மற்ற பாடங்களுக்கெல்லாம் பங்கு வைத்தது போக மிச்சம் இருப்பதைத்தானே ஓவியத்துக்குக் கொடுப்பார்கள்!

விஷயம் மனைவிக்கு மட்டும் தெரியும். பள்ளிக்குத் தெரிந்தால் என்ன ஆகும்? கை நடுங்கும் வரலாற்று ஆசிரியரைக்கூட வைத்துக்கொள்வார்கள். கை நடுங்கும் ஓவிய ஆசிரியரை வைத்துக்கொண்டு என்ன செய்வார்கள்? வேலை போவதைக்கூட அவர் தாங்கிக்கொள்வார். வட்டம் சார் என்று கூப்பிட்ட பிள்ளைகள் ஐயோ பாவம் என்று பார்ப்பார்களே, அதை நினைத்தால்தான் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

அப்போதுதான் தலைமையாசிரியை ஒரு புதுமுறையை அறிவித்தார். பாடத்தை வீடியோ எடுத்து வகுப்பின் செல்போன் குழுவில் போட்டுவிட வேண்டும். பிள்ளைகள் வீட்டிலேயே பார்த்துவிட்டு வருவார்கள். வகுப்பில் செய்முறை மட்டும். இதற்குத் தலைகீழ் வகுப்பு என்று பெயராம். "இப்ப மட்டும் நேராவா நடக்குது?" என்று கணக்கு ஆசிரியர் முணுமுணுத்தார். மற்றவர்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்க, வட்டம் சாருக்கு மட்டும் வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. கை அடங்கியிருக்கும் நேரத்தில் வரைந்து எடுத்துவிடலாம். கரும்பலகைப் பக்கமே போக வேண்டாம்.

சாப்பாட்டு மேசை படப்பிடிப்புத் தளமானது. மேசைமேல் ஒரு முக்காலி, அதன் விளிம்பில் செல்போன், அது விழாமலிருக்க மேலே சர்க்கரை டப்பா. தபால் அலுவலகத்துக்குக் கிளம்பும் அவசரத்தில் மனைவிதான் பொத்தானை அமுக்கினாள்.

"ஏங்க, சீக்கிரம் வரைங்க. ஒரு கப்புதானே?"

"கப்பு ஒண்ணுதான். ஆனா அதோட வாய பக்கத்துலேருந்து பாத்தா வட்டமா தெரியாது, அமுங்கித் தெரியும். அங்கதான் எல்லாரும் கோட்ட விடுவாங்க."

வீடியோவில் முகம் கிடையாது. கை மட்டும் வரும், பென்சில் வரும், கப்பின் வாய் வழுக்கிக்கொண்டு வந்து தன்னோடு தானே சேர்ந்துகொள்ளும். பிள்ளைகளுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. ஒருவன் நாற்பது தடவை பார்த்தேன் என்று அளந்துவிட்டான்.

வினை வகுப்பில் காத்திருந்தது. எல்லோரும் பார்த்துவிட்டு வந்திருந்ததால் அவர் சொல்லிக்கொடுக்க ஒன்றும் இல்லை. நாற்பது நிமிடம், முப்பத்தாறு மேசை, முப்பத்தாறு குரல். "சார், இங்க வாங்க சார்." "எனக்கு மட்டும் கொஞ்சம் போட்டுக் காட்டுங்க சார்." கரும்பலகையாவது பரவாயில்லை; சுண்ணக்கட்டியைத் தோளிலிருந்து வீசி இழுத்தால் சின்ன நடுக்கம் தெரியாமல் போகும். பிள்ளையின் தாளில் பென்சில் வைத்தால் ஒன்றையும் மறைக்க முடியாது. ஒரு கரும்பலகையிலிருந்து தப்பித்த மனிதர் முப்பத்தாறு தாள்களிடம் வந்து மாட்டிக்கொண்டார்.

வலது கையைப் பேண்ட் பைக்குள் விட்டுக்கொண்டு சட்டென்று ஒரு சட்டம் போட்டார். "யார் தாளிலயும் நான் கை வைக்க மாட்டேன். உங்க கோடு உங்க கையிலேருந்துதான் வரணும்." வாசலில் நின்று கேட்ட தலைமையாசிரியை அடுத்த கூட்டத்தில் அவரைப் புகழ்ந்து தள்ளினார். இவர் தலையைக் குனிந்துகொண்டார். தன்னடக்கம் என்று நினைத்தார்கள்.

சட்டம் ஒரு மாதம் காப்பாற்றியது. அதை உடைத்தது கேள்விக்காரி. எதற்கெடுத்தாலும் ஏன் சார் என்று கேட்பதால் அவரே வைத்த பெயர். பன்னிரண்டு வயது. அழித்து அழித்துத் தாளில் ஓட்டையே போட்டுவிட்டு, புதுத் தாளில் நான்காவது தடவையாகப் போராடிக்கொண்டிருந்தாள்.

"பதினோரு தடவ வீடியோ பாத்தேன் சார். உங்க கை போகுது. என் கை போகல."

சொல்லிவிட்டுச் சத்தமில்லாமல் அழுதாள். அவருக்கு மனசு கேட்கவில்லை. ஒரே ஒரு கோடு, இரண்டு விநாடி வேலை, கை அதற்குள் காட்டிக்கொடுத்துவிடாது என்று நினைத்து அவளிடமிருந்து பென்சிலை வாங்கினார். காட்டிக்கொடுத்துவிட்டது. கப்பின் வாய் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை நெளிந்தது. அழுத்திச் சரிசெய்யப் பார்த்தார், இன்னும் நெளிந்தது. சுற்றியிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

கேள்விக்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டு தாளை உற்றுப் பார்த்தாள். "உள்ள டீ ரொம்ப சூடா இருக்கா சார்? அதான் விளிம்பு ஆடுதா?"

பென்சிலை அவளிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, "ஆமா" என்றார். 

அடுத்த வாரம் முப்பத்தாறு சூடான கப்புகள் வந்தன. வீட்டில் உட்கார்ந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, ஒவ்வொரு நெளிவையும் கவனமாகப் பழகியிருந்தார்கள். தன்னுடைய நோய் மேசைக்கு மேசை பரப்பி வைக்கப்பட்டிருப்பதை அவர் நடந்து நடந்து பார்த்தார். தப்பு என்று சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். "நல்லாருக்கு" என்றார் எல்லோருக்கும். தலைமையாசிரியை எல்லாவற்றையும் நடைவழிச் சுவரில் ஒட்டவைத்தார்.

"சார், அந்தக் கோடு எப்படிப் போடுறதுன்னு ஒரு வீடியோ எடுத்துடுங்க. மத்த வகுப்புக்கும் அனுப்பலாம்."

சரியென்று தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்தார். மறுநாள் காலை மாத்திரை போட்டு, கை அடங்கியபின், நடுங்குவதுபோல் வரைந்து பார்த்தார். வரவில்லை. வளைவுகள் ஒரே அளவில் வரிசையாக நின்றன. "பூரா பொய்யா இருக்குங்க" என்றாள் மனைவி. மூன்று நாள் இப்படிப் போயிற்று. நான்காம் நாள் அவள் தண்ணீரும் மாத்திரையும் கொண்டுவந்தபோது, "அப்புறம் போட்டுக்கிறேன்" என்றார்.

அவளுக்குப் புரிந்துவிட்டது. "எதுக்குங்க இந்த வம்பு? முடியாதுன்னு மேடம்கிட்ட சொல்லிடுங்க."

"ஏன்னு கேப்பாங்களே."

பென்சில் இரண்டு தடவை கீழே விழுந்தது. மூன்றாவது தடவை வரைந்து முடித்தார். அவள் பொத்தானை அமுக்கி நிறுத்திவிட்டு, அடுப்பைப் பார்க்கப் போவதாகச் சொல்லி உள்ளே போய் அழுதாள். திரும்பி வந்ததும், பார்க்கப் பிடிக்காமல், பார்க்காமலேயே குழுவில் அனுப்பிவிட்டாள்.

சாயங்காலத்துக்குள் கட்டைவிரல்களும் கைத்தட்டல்களும் குவிந்தன. அருமை என்று தலைமையாசிரியை எழுதியிருந்தார். அதற்குக் கீழே, அம்மாவின் போனிலிருந்து, கேள்விக்காரி:

"சார், வரைய ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே உங்க கை ஆடுது. தாள்ல ஒண்ணுமே இல்ல. ஏன் சார்?"

பத்தொன்பது பேர் அதைப் பார்த்திருந்தார்கள். அவர் போனை எடுத்துப் பதில் தட்டப் பார்த்தார். கட்டைவிரல் ஒரு எழுத்துக்குப் பக்கத்து எழுத்தில் போய் விழுந்தது. போனை மனைவியிடம் கொடுத்தார்.

"குளிருன்னு போடட்டுமா?" என்றாள் அவள். "இல்ல, போன் ஆடிடுச்சுன்னு போடுறேன். சின்னப் பொண்ணுதானே, நம்பிடும்."

"நம்பாது. தாள் ஆடலையே, கை மட்டும்தானே ஆடுது. நல்லாப் பாத்திருக்கா." அதைச் சொல்லும்போது அவர் குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. உற்றுப் பார்க்க இத்தனை நாளாகச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தானே. பிறகு அந்தப் பெருமையும் வடிந்துபோய், வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"அப்ப என்னதாங்க போட?"

"உள்ளதப் போடு. நாளைக்குக் கடைசி பீரியட் அவங்க வகுப்புதான்."

மனைவி எழுத ஆரம்பித்தாள். ஒரே ஒரு வரிதான். அதற்கு அவளுக்கு வெகுநேரம் பிடித்தது.