சாலம்மாள் ஏறிய மிதவைப் படகு

கல்வராயன் மலையில் எங்கள் ஊர் ஏரிக்குக் குடும்பச் சவாரிப் படகு வாங்கும் பொறுப்பு பெரியப்பா மாயவனுடையது. விற்க வந்தவர் காட்டிய மிதவைப் படகின் எஞ்சினைப் பொறியியல் பட்டதாரியான நான் பார்த்தேன்; குறையில்லை. ஆனால் பெரியம்மா சாலம்மாளுக்குப் படகுச் சவாரி ஒத்துக்கொண்டால்தான் வாங்குவேன் என்றார் பெரியப்பா. மலைப்பாதையில் பஸ் ஏறினாலே வாந்தி எடுப்பவர் பெரியம்மா. சோதனைச் சவாரிக்கு மூக்கருகே எலுமிச்சம்பழத்துடன் படகில் உட்கார்ந்தார்.

“இன்னாங்க, ஜாஸ்தி ஆடுமா?”

“நீ களி கிண்டுறப்ப ஆடுறதவிடக் கம்மிதாம்மே” என்றார் பெரியப்பா.

படகு மெல்ல நகர்ந்தது. தண்ணீருக்குள் மேகங்களும் மலையும் எங்களோடு மிதந்து வந்தன. நடு ஏரியில் பெரியம்மா கம்பியில் தலைசாய்த்துக் குறட்டைவிட்டார்.

“படகு புடிச்சிருக்குங்களா? கரைக்குத் திருப்பட்டுமா?” என்றார் விற்பவர்.

“வாங்கிக்கிறோம். மெதுவா பேசுங்க” என்றார் பெரியப்பா. “இன்னொரு சுத்து வுடுங்க.”