வரிசையின் கடைசியில் நடந்தவர்

தணிகாசலம் சார் இறந்த செய்தியை எனக்கு முதலில் சொன்னவர் மீன் விற்கும் அஞ்சலை. புதுப்பட்டினம் மார்க்கெட்டில் சங்கரா மீனுக்கு விலை கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் தராசைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏறிட்டுப் பார்த்தார்.

“இன்னாம்மா, மீன் வெல கேட்டுகினு நிக்கிற? சேதி தெரியாதா? கொடக்காரரு பூட்டாரு. தூக்கத்திலியே. இன்னிக்கு மீன் வாணாம், போய் அவர பாத்துட்டு வா.”

கூடுவாஞ்சேரியில் அவருடைய மகன் அப்பாவின் செல்போனை எடுத்து, அதிலிருந்த பெயர்களை முதலிலிருந்து ஒவ்வொன்றாக அழைத்திருக்கிறார். ஆங்கில எழுத்து வரிசையில் அஞ்சலைதான் முதல். வசந்தா என்கிற என் பெயர் கிட்டத்தட்டக் கடைசி. என் முறை வந்து போன் அடித்தபோது நான் கூடுவாஞ்சேரி போகும் பஸ்ஸில் பாதி வழியில் இருந்தேன். இருபது வருடம் ஒரே ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்த அதிகாரிகளுக்கு முன்னால் அஞ்சலைக்குத் தகவல் போனது சாருக்குத் தெரிந்திருந்தால் தோள்கள் குலுங்கச் சிரித்திருப்பார். சத்தம் வராது. ஆனால் சிரிப்பு வரும்.

அவருக்குச் சத்தம் இருந்த காலத்தை நம்மில் பழையவர்கள் மறந்திருக்க மாட்டோம். ஸ்டோர்ஸ் பிரிவில் அவர் பேசினால் எங்கள் ஆய்வகத்தில் கேட்கும். தொண்ணூறுகளின் நடுவில், நம் நிலையத்து டவுன்ஷிப் குடும்பங்களைச் சேர்த்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை காலைகளில் சதுரங்கப்பட்டினத்தைச் சுற்றிக் காட்ட ஆரம்பித்தார். கடலோர டச்சுக் கோட்டையில் தொடங்கி, பழைய தெருக்கள் வழியாகக் கால்வாய்க் கரையில் முடியும் நடை. எங்கெங்கோ ஊர்களிலிருந்து வேலைக்கு வந்த நமக்கு, குவார்ட்டர்ஸ் வாசலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இப்படி ஒரு பழைய துறைமுகம் இருப்பது அவரால்தான் தெரிந்தது.

எனக்குக் கூட்டமாக நடப்பதில் விருப்பம் இல்லை. மகளின் தொல்லை தாங்காமல் ஒருமுறை போனேன். கோட்டைக்குள் அடைத்துக் கிடந்த ஒரு சுரங்க வாயைக் காட்டி, “இது நேரா மாமல்லபுரம் போவுது” என்றார்.

“யாராவது அளந்து பார்த்திருக்காங்களா சார்?” என்று கேட்டேன்.

“இன்னா மேடம் நீங்க! டேப் எடுத்துகினு உள்ள போனவன் வெளிய வந்தாதானே கணக்கு சொல்லுவான்?”

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை என்பதை அவர் கவனித்துவிட்டார். அன்றிலிருந்து எந்தக் கதையைச் சொன்னாலும் கடைசியில் என் பக்கம் திரும்பி, “மேடம் ஒத்துக்க மாட்டாங்க” என்று ஒரு வரி சேர்ப்பார். ஒத்துக்கொள்ளாமல் இருப்பதற்காகவே நான் தொடர்ந்து போனேன் என்று நினைக்கிறேன்.

பிறகு தொண்டையில் கட்டி வந்தது. சென்னையில் அறுவை சிகிச்சை செய்து குரல்வளையை எடுத்துவிட்டார்கள். உயிருக்கு ஆபத்து இல்லை, பேச்சு மட்டும் இனிமேல் இல்லை. ஞாயிற்றுக்கிழமை நடை முடிந்துபோயிற்று என்று நாம் எல்லோரும் மனதுக்குள் முடிவு செய்துவிட்டோம். நல்லெண்ணத்தோடு சிலர், அவருக்குப் பதிலாக வேறு யாராவது பேசட்டும், அவர் கூட வந்தால் போதும் என்றார்கள். அந்த நடை அவருக்கு என்னவாக இருந்தது என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அதைக் கேட்டபோது அவர் முகம் போன போக்கை, மருத்துவமனைப் படுக்கையில்கூட நான் பார்த்திருக்கவில்லை.

வேலைக்குத் திரும்பிய அன்றே என் அறைக்கு வந்தார். கழுத்தைச் சுற்றி வெள்ளைக் கைக்குட்டை, கையில் பிள்ளைகளின் சிலேட்டு, கக்கத்தில் இரும்பு முனை வைத்த கறுப்புக் குடை. சிலேட்டில் எழுதிக் காட்டினார்: “ஞாயித்துக்கெயம நட கீது.”

எழுதும்போதாவது ‘இருக்கிறது’ என்று எழுதக்கூடாதா சார் என்றேன். அழித்துவிட்டு எழுதினார்: “இது எய்த்து இல்ல மேடம், பேச்சு.”

அவருடைய திட்டம் எளிமையானது. வழியையும் பார்க்க வேண்டியவற்றையும் ஒரு தாளில் எழுதி ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்துவிடுவது. ஆளாளுக்குப் படித்துக்கொண்டு தாங்களே நடக்கட்டும், வழிகாட்டி வேண்டாம். கேசட்டில் பதிவு செய்யலாமே என்று ஒருவர் சொன்னதற்கு, “கேசட்டு நின்னு வேடிக்க பாக்க வுடாது” என்று பதில் எழுதினார். தாளில் இருப்பவற்றைச் சரிபார்க்க என்னைத் தேர்ந்தெடுத்த காரணத்தையும் எழுதினார்: “நீங்க வுட்டதுதான் நிக்கும்.”

நான் நிறைய வெட்டினேன். ஆதாரம் இல்லாத ராஜா, ஆதாரம் இல்லாத புதையல், ஆதாரம் இல்லாத டச்சுக்காரரின் காதல் எல்லாம் போயின. அவர் மறுப்புச் சொல்லவில்லை. சுரங்கத்துக்கு வந்ததும் சிலேட்டை மேஜைமேல் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார். நானும் கட்டிக்கொண்டேன். ஒரு வாரம் தாள் அங்கேயே நின்றது. கடைசியில் அவரே இரண்டு வாக்கியம் எழுதிக் கொண்டுவந்தார்.

“இந்தச் சுரங்கம் மாமல்லபுரம் வரை போகிறது என்று தணிகாசலம் சொல்கிறார். வசந்தா நம்பவில்லை.”

இதில் வெட்டுவதற்கு எதுவும் இல்லை. இரண்டும் உண்மை. அந்தத் தாள் பரவப் பரவ, கூட்டத்தில் ஒதுங்கி நிற்கும் என்னை, ரேஷன் கடை வரிசையில்கூட முன்பின் தெரியாதவர்கள், “நம்பாத வசந்தா நீங்கதானா?” என்று கேட்க ஆரம்பித்தார்கள். எனக்குக் கூச்சமாகத்தான் இருந்தது. இருந்தாலும் ஆமாம் என்றேன்.

தாளை வைத்து நடந்த முதல் ஞாயிறு பெரிய குழப்பம். ‘நீல வீட்டை ஒட்டிய சந்தில் திரும்பவும்’ என்று எழுதியிருந்தார். நானும் நேரில் போய்ப் பார்த்துச் சரி என்றிருந்தேன். அதற்குப் பின் அந்த வீட்டில் கல்யாணம் வந்து, வீட்டுக்கு ரோஸ் நிறம் அடித்துவிட்டார்கள். முன்னால் போனவர்கள் நீலத்தைத் தேடிக்கொண்டே சுற்றிப் போய், அதே சந்தின் மறுகோடியில் ஒரு நீலக் கதவைக் கண்டு சந்தோஷமாக உள்ளே நுழைந்தார்கள். வரிசையின் கடைசியில் வந்த சார் குடையால் தரையைத் தட்டினார். பேச்சுச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. அது அஞ்சலையின் வீடு. முற்றம் முழுக்கக் கருவாடு காய்ந்துகொண்டிருந்தது.

“யோவ், இன்னாய்யா இது? என் வூட்டுக்குள்ள ஊர்கோலம் வுட்டுகினு கீறீங்க? யாரு இதுக்குப் பெரிய மன்சன்?”

எல்லோரும் சாரைப் பார்த்தோம். அவர் அவசரமாகச் சிலேட்டில் எழுதி நீட்டினார்.

“எய்திக் காட்னா எனுக்கு இன்னா தெரியும்? நான் இன்னா பள்ளிக்கூடமா போனேன்? வாயத் தொறந்து சொல்லு!”

யாராவது குறுக்கே புகுந்து விளக்குவதற்குள் சார் கழுத்திலிருந்த கைக்குட்டையை அவிழ்த்தார். மூச்சுக்காக அங்கே வைத்திருந்த துளையை, தன் வீட்டில் ஒழுகும் இடத்தைக் கொத்தனாரிடம் காட்டுகிறவரைப் போலச் சாதாரணமாகக் காட்டினார். பிறகு எங்களைக் காட்டி, தாளைக் காட்டி, தன் தலையில் தானே ஒரு குட்டு வைத்துக்கொண்டார்.

அஞ்சலை ஒரு மணையை இழுத்துப் போட்டார். “உக்காரு நைனா” என்றார். எங்கள் பக்கம் திரும்பியபோது குரல் பழையபடி ஏறிவிட்டது. “வந்ததுதான் வந்துட்டீங்க, கருவாட்ட மெறிக்காம பின்னால போங்க. அங்க பயைய படித்தொற ஒண்ணு கீது. அத்த பாத்துட்டு போங்க.”

முற்றத்தின் பின்புறம் கால்வாய் அகலமாக விரிந்து கிடந்தது. பாதி இடிந்த படிகள் தண்ணீருக்குள் இறங்கின. இத்தனை வருடம் சுற்றிய சாரும் அதைப் பார்த்ததில்லை. அவர் ஒரு படியில் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றிவிட்டுக் கால்களைத் தண்ணீரில் விட்டார். தாளில் இல்லாத இடத்தைப் பார்த்த சந்தோஷம் முகத்தில் அப்படியே தெரிந்தது.

அஞ்சலையிடம் அனுமதி கேட்டு, அடுத்த தாளில் பாதையை அந்த முற்றத்தின் வழியாகவே மாற்றினார். ‘அஞ்சலை வீட்டு வாசலில் நின்று குரல் கொடுக்கவும். பதில் வராவிட்டால் திரும்பிவிடவும். கருவாட்டை மிதிக்க வேண்டாம்.’ குரல் கொடுக்க முடியாத அவர், வாசற்கல்லில் குடையால் ஒருமுறை தட்டுவார். உள்ளேயிருந்து, “வா நைனா” என்று பதில் வரும். அடையாள வீட்டை மட்டும் அவர் மாற்றவே இல்லை. ‘நீல வீடு (இப்போது ரோஸ்)’ என்றிருந்தது, சில வருடங்களில் ‘நீல வீடு (பிறகு ரோஸ், இப்போது மஞ்சள்)’ ஆயிற்று. மஞ்சள் வீடு என்றே போட்டுவிடலாமே என்றேன். “அந்த வூடு நீலந்தான். மேல பூசிகினு கீறாங்க” என்று எழுதினார்.

அந்த முதல் ஞாயிறுக்குப் பிறகு அவர் எப்போதும் கடைசியில்தான் நடந்தார். யாராவது தவறான பக்கம் திரும்பினால் தரையில் ஒரு தட்டு. எந்தப் பக்கம் போக வேண்டும் என்று குடையை நீட்டிக் காட்ட மாட்டார். நாமே நின்று, தாளைப் பார்த்து, கண்டுபிடிக்க வேண்டும். ஏன் சார், கை காட்டினால் என்ன என்று கேட்டேன். “அப்பால நான் எதுக்கு தாள் எய்தினேன்?” என்று எழுதினார். ஓய்வுபெற்றுக் கூடுவாஞ்சேரிக்குப் போன பின்பும் மாதம் ஒரு ஞாயிறு பஸ் பிடித்து வந்தார். சுனாமிக்குப் பின் யாருக்கும் கடற்கரைப் பக்கம் போக மனமில்லாமல் நடை நின்றிருந்தது. அஞ்சலைதான் ஒருநாள் மார்க்கெட்டில் என்னைப் பிடித்து, “இன்னா, கொடக்காரரு கோச்சிகினாரா? வரச் சொல்லு” என்று மறுபடி தொடங்கிவைத்தார்.

அவர் இல்லாத முதல் ஞாயிறு, போன வாரம். வருவார்களா என்ற சந்தேகத்தோடுதான் போனேன். வழக்கத்தைவிட அதிகம் பேர் வந்திருந்தார்கள். கோட்டையில், சுரங்கத்துக்கு முன்னால், கூட வேலை பார்க்கும் ஒருவர் மெதுவாக, “மேடம், இனிமே அந்த ரெண்டாவது வரியை எடுத்துடலாமா? போனவர் சொன்னதை மறுத்த மாதிரி இருக்கு” என்றார். வேண்டாம் என்றேன். அவர் சொன்னதை நான் இன்றும் நம்பவில்லை. இறந்துவிட்டார் என்பதற்காக நம்பத் தொடங்கினால், அவரே முதலில் சிரிப்பார்.

மஞ்சள் வீட்டருகே, புதிதாக வந்த ஒரு தம்பதி சந்தில் திரும்பாமல் பேசிக்கொண்டே நேராகப் போய்விட்டார்கள். எங்கள் எல்லோருக்கும் வழி தெரியும். ஒருவரும் கூப்பிடவில்லை. அப்படியே நின்றோம். எதற்காக நிற்கிறோம் என்பது சற்றுப் பொறுத்துத்தான் எங்களுக்கே உறைத்தது. பின்னாலிருந்து அந்தச் சத்தம் வர வேண்டும். வரிசையில் கடைசி ஆள் நான். வெயிலுக்காக எடுத்துப்போன என் குடையைச் சுருக்கித் தரையில் தட்டினேன். அவர்கள் திரும்பவில்லை. இன்னொரு முறை தட்டினேன். நின்றார்கள், தாளைப் பார்த்தார்கள், ஒருவரையொருவர் குற்றம் சொல்லிக்கொண்டு திரும்பி வந்தார்கள்.

சந்துக்குள்ளிருந்து அஞ்சலையின் குரல் வந்தது.

“யாரு அது ரெண்டு தபா தட்டறது? அவரு ஒரு தபாதான் தட்டுவாரு!”

தெருவே சிரித்தது. நானும் சிரித்தேன்.

அவர் குடையை மகன் வைத்திருக்கிறார், சிலேட்டைப் பேத்தி. நான் எடுத்துக்கொண்டது வரிசையின் கடைசி இடம். நடை வழக்கம்போல உண்டு. தாள் என்னிடம் கிடைக்கும். அஞ்சலையின் வாசற்கல்லில் அன்று ஒரே ஒருமுறை தட்டிவிட்டுக் காத்திருந்தேன்.

“வா” என்றார்.