ஜெர்மன் கட்சி, ஜப்பான் கட்சி

செபஸ்தியம்மாள் டீச்சர் ஜெர்மன் கட்சி. திண்டுக்கல்லில் அவர் பாட்டுச் சொல்லிக்கொடுத்த கான்வென்ட் பள்ளியில், கொடைக்கானல் பங்களா ஒன்றிலிருந்து இறக்கிக் கொண்டுவந்த பழைய ஜெர்மன் கிராண்ட் பியானோ இருந்தது. எட்டடி நீளம். இடது கைப்பக்கக் கட்டைகளை அழுத்தினால் சிறுமலைக்கு அந்தப் பக்கம் இடி உருளுவதுபோல இருக்கும். கல்யாணமே வேண்டாமென்று இருந்துவிட்ட டீச்சருக்கு அதுதான் பேச்சுத் துணை.

1983இல், வெளிநாடு போன ஒரு மதுரை டாக்டர் குடும்பம் தங்கள் ஜப்பான் பியானோவைப் பள்ளிக்குக் கொடுத்தது. கறுப்புக் கண்ணாடிபோலப் பளபளவென்று வந்து இறங்கியது. கூடவே சண்டையும் வந்தது.

சண்டைக்காரர் முகமது பாரூக். பேகம்பூரில் மெல்லிசைக் குழு நடத்துபவர். பள்ளி ஆண்டு விழாக்களுக்கு வாசிக்க வருவார்.

"இதுதான் டீச்சர் பியானோ. தொட்டா கணீர்ங்குது. கடைசி பெஞ்சு வரைக்கும் போகும்."

"கணீர்னு இருக்க இதென்ன கோயில் மணியா பாய்? கம்பியத் தட்டுற சுத்தியல்ல கம்பளிய இறுக்கி ஒட்டியிருக்கான், காதக் குத்துது. ஜெர்மன்காரன் மெத்துன்னு வச்சிருக்கான் பாருங்க."

"அதான் மேல்சுரமெல்லாம் போர்வைக்குள்ள இருந்து பேசுது!"

ஐந்து வருஷம் இப்படியே போனது. டீ ஆறிப்போகும்; பேச்சு ஆறாது.

எண்பத்தெட்டு கோடையில் டீச்சர் விஷக்காய்ச்சலில் கிடந்து எழுந்தார். பள்ளி திறந்ததும் தன் பியானோவில் உட்கார்ந்தார். இடது கையில் இடி உருண்டது. வலது கை ஓடியது. கட்டை தட்டுப்படும் சத்தம் தவிர காதில் ஒன்றும் விழவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. சண்டை போடுவதை மட்டும் விட்டுவிட்டார்.

பாரூக்குக்கு அது பொறுக்கவில்லை. "என்ன டீச்சர், கோவமா?"

"மேல்சுரம் கேக்கல பாய்."

பாரூக் ஜப்பான் பியானோவின் மூடியை முழுக்கத் தூக்கி நிறுத்தி, டீச்சரைப் பக்கத்தில் உட்காரவைத்து, ஓங்கி வாசித்தார். நூல் மாதிரி மெலிந்து, ஆனால் அறுந்துபோகாமல், சுரம் வந்தது. டீச்சர் அழுதுவிட்டார்.

"ஜெயிச்சிட்டேன்னு சொல்லிக்கங்க பாய்."

"அல்லா மேல சத்தியமா, எனக்கு இந்த ஜெயிப்பு வேணாம் டீச்சர்."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவர் நிமிர்ந்தார். "ஒண்ணு சொல்லிடுறேன். இப்பவும் ஒசத்தி ஜெர்மன்தான். எனக்குக் கேக்குறது இது, அம்புட்டுத்தான்."

அந்த வருஷம் ஆண்டு விழாவில் இரண்டு பியானோவையும் மேடையேற்றினார்கள். ஜப்பானில் டீச்சர், ஜெர்மனில், வேறு வழியில்லாமல், பாரூக். பாட்டு முடிந்து கைதட்டல் அடங்கும்போது பாரூக் டீச்சர் பக்கம் குனிந்தார்.

"இந்தப் பெட்டிய இம்புட்டு நாளா நான் ஒழுங்கா வாசிச்சே பாக்கல டீச்சர். அடிவயித்துல வந்து பேசுது."

"என்ன பாய்? கேக்கல. சத்தமாச் சொல்லுங்க."

பாரூக் மைக் இருப்பதை மறந்து உரக்கச் சொன்னார். பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள்.

டீச்சருக்கு முதல் தடவையே கேட்டிருந்தது.